ரூபியின் இரண்டாவது சாட்சி

1

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி நம் சபை மாத இதழுக்கு எழுதுங்கள் என்று பாஸ்டர் ஐயா கேட்டு எட்டு மாதம் ஆகிறது. நான் பத்தாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்ட் முடியும்போது நிரப்பிக் கொடுத்த ரிப்போர்ட்டுதான். “பெருசா ஒண்ணும் வேணாம் பிரதர், அங்க குளிர் எப்படி, என்ன சாப்புடுறீங்க, பசங்க எப்படிப் படிக்கிறாங்க, அது போதும்” என்றார். இரண்டு முறை உட்கார்ந்தேன். மழையைப் பற்றி நான்கு வரி எழுதியதும் என் தங்கை ரூபி வந்துவிடுகிறாள். இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு காரியம் நடந்தது. அதனால் இந்த முறை கிழிக்கவில்லை.

பென்னலூர் சபையில் இருப்பவர்களுக்கு ரூபியைத் தெரியும். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவாள். பாட்டு ஆரம்பிக்கும்போது எல்லோரையும்விட அரை வரி முன்னால் போய்விடுவாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு ஐந்து வயது இளையவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சார்ஜர் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. வீட்டுக்காரர் சேகர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் கல்யாணமாகி வாலாஜாபாத்தில் இருக்கிறாள். ரூபிக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தது. வருகிற மாதம் வந்தால் அவள் போய் ஒரு வருடம்.

2

நாங்கள் இருப்பது அயர்லாந்தில் ஒரு சிறிய ஊர். என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்து வந்தோம், ஏழு வருடம் ஆகிறது. இங்கே என்னை யாராவது கேட்டால் ‘ஸ்டெல்லாவின் கணவன்’ என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு ஒன்றும் குறையில்லை.

நான் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். காலை ஆறரைக்கு உள்ளே போனால் மூன்றுக்கு வெளியே வருவேன். மற்ற வார்டுத் துணியெல்லாம் ஒரே மாதிரிப் பையில் வரும். புற்றுநோய் மருந்து ஏற்றுகிற வார்டுத் துணி மட்டும் தனிப் பையில் வரும். அந்த மருந்து நோயாளியின் வியர்வையிலும் வாந்தியிலும் இருக்குமாம், அதனால் இரண்டு கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். முதலில் அது எனக்கு ஒரு பை, அவ்வளவுதான். ரூபிக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்த நாளிலிருந்து, அந்தப் பையைத் தூக்கும்போதெல்லாம், இந்தப் போர்வைக்குள் கிடந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும் ஆண்டவரே என்று சொல்லிவிட்டுத்தான் மெஷினில் போடுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

எங்கள் மகள் ஜெனிக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும், பேச வராது. வீட்டு ஜெபத்தில் முழங்கால் போடுவாள், நான் கொஞ்சம் நீளமாக ஜெபித்தால் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். ஊரில் அத்தை செத்துப்போனாள் என்று சொன்னபோது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்புறம் அறைக்குப் போய்விட்டாள். அழுதாளா என்று தெரியாது. இந்த ஊர்ப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுகிறார்கள்.

3

முதலில் வயிறு உப்பசம் என்றுதான் ஆரம்பித்தது. இரண்டு இட்லி சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்றாள். கம்பெனி டிஸ்பென்சரியில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதம் அந்த மாத்திரை ஓடியது. லைனில் நிற்கிற பெண்கள் யாருக்குத்தான் கேஸ் இல்லை, அவளும் பெரிதாக நினைக்கவில்லை. அப்புறம் ஸ்கேன் எடுத்தார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு தடவை மருந்து.

மருந்து நன்றாக வேலை செய்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததற்கெல்லாம் இதுதான் ஆரம்பம். இரத்தத்தில் ஒரு அளவு பார்ப்பார்கள். அது ஆயிரத்துக்கு மேல் இருந்தது, ஆறாவது மருந்து முடிந்தபோது பதினெட்டுக்கு வந்துவிட்டது. ஸ்கேனில் எதுவும் இல்லை. ஸ்டெல்லா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு “நல்லா இருக்குங்க” என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் குதித்தேன். மதிய இடைவேளையில் துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஊருக்குப் போன் போட்டேன்.

“ரூபி, அறுப்பின் பண்டிகை வருதில்ல? அன்னிக்கு நீ சாட்சி சொல்லிடணும்.”

“சொல்லலாம்ணா. மூணு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் கீதுன்னாங்க. அதையும் பாத்துக்கினு சொல்றேனே.”

“ஸ்கேன் பாத்துட்டு சொல்றதுக்கு எதுக்கும்மா விசுவாசம்? ஆண்டவர் செஞ்சதை மறைச்சு வெக்கறது நல்லா இல்ல.”

 “சரிண்ணா. நீ சொன்னா சரி” என்றாள்.

நம் சபை வழக்கம் எல்லோருக்கும் தெரியும். சுகம் கிடைத்தவர்கள் முன்னால் வந்து மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும், சொல்லி முடித்ததும் சபை முழுக்க “ஸ்தோத்திரம்” என்று பதில் கொடுக்கும். அன்று பூசணிக்காயும் வாழைத்தாரும் குவித்து வைத்திருந்த மேடை முன்னால், முடி இல்லாத தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ரூபி நின்றாள். “ஆண்டவர் எனக்கு முழு சுகம் குடுத்தாரு” என்றாள். நான் இங்கே போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஸ்தோத்திரச் சத்தத்தில் என் போன் ஸ்பீக்கர் கரகரத்தது. நானும் சமையலறையில் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னேன்.

4

கிறிஸ்துமஸ் முடிந்து அவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சேகர் ஓட்டுகிற அதே பஸ்ஸில்தான் போவாள். ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவோம். ஜனவரியில் பார்த்தபோது முகம் நன்றாக இருந்தது. முடி குட்டையாக வளர்ந்திருந்தது.

“ரூபி, உடம்பு போட்டுட்ட! முகமே பளபளன்னு கீது” என்றேன். வெளிநாட்டில் இருந்தாலும் அவளிடம் பேசும்போது எனக்கு ஊர்ப் பேச்சுதான் வரும்.

“ஆமாண்ணா. உன் ஜெபந்தான்” என்று சிரித்தாள்.

போனில் முகம் மட்டும்தான் தெரியும். கழுத்துக்குக் கீழே அவள் எனக்குக் காட்டவில்லை.

கம்பெனியில் கரண்ட் பொருளைத் தொடுகிறவர்கள் ஒரு நீலக் கோட்டு போட்டுக்கொள்ள வேண்டும், பட்டன் எல்லாம் போட்டிருக்க வேண்டும். ரூபிக்குப் பட்டன் எட்டவில்லை. ஸ்டோரில் போய்ப் பெரிய சைஸ் கேட்டிருக்கிறாள். அங்கே இருந்த பெண், “இன்னா ரூபிக்கா, சர்ச்சுல பிரியாணி ஜாஸ்தி ஆயிடுச்சா?” என்று கேட்டிருக்கிறாள். “உனுக்கு பொறாமைடி” என்று சொல்லிவிட்டு வாங்கி வந்திருக்கிறாள். மூன்று வாரம் கழித்து இன்னும் ஒரு சைஸ் பெரியது. மூன்று மாதத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேனையும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தேதி தள்ளிப்போட்டார்கள் என்று சேகரிடம் சொல்லியிருக்கிறாள். அவள் வாழ்க்கையில் புருஷனிடம் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் மாதம் ஒருநாள் காலை ஷிஃப்டுக்கு ஏறும்போது பஸ்ஸின் முதல் படியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த சேகர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். பின்னால் பெண்கள் “ஏறுங்கக்கா, கார்டு பஞ்ச் லேட்டாவும்” என்று கத்த, இவர் இறங்கி வந்து கையைப் பிடித்திருக்கிறார். அப்போதுதான் கோட்டுக்குள் இருந்த வயிற்றைப் பார்த்திருக்கிறார். எட்டு மாதக் கர்ப்பிணி போல இருந்ததாம்.

“எத்தினி நாளா கீது?”

“ரெண்டு மாசமா.”

“ஏன் சொல்லல?”

“சபையில நின்னு சொல்லிட்டனே. இப்ப போயி இல்லன்னா, ஆண்டவரைப் பொய்யாக்குன மாதிரி ஆவாதா?”

சேகர் இதை என்னிடம் சொன்னபோது நான் வேலையில் இருந்தேன். கையில் அந்தத் தனிப் பை இருந்தது.

5

வயிற்றிலிருந்து ஐந்து லிட்டருக்கு மேல் நீர் எடுத்தார்கள். டாக்டரம்மா சேகரையும் ரூபியையும் உட்கார வைத்து, எங்களையும் போனில் சேர்த்துக்கொண்டு பேசினார். நல்ல மனுஷி. அவசரப்படவில்லை. நோய் முதல் மருந்து முடிந்து ஆறு மாதத்துக்குள் திரும்பியிருக்கிறது, அப்படித் திரும்பினால் அந்த மருந்துக்கு அது பழகிவிட்டது என்று அர்த்தம், இனி அதே மருந்தைக் கொடுத்துப் பெரிய பயன் இருக்காது, வேறு மருந்து வாரம் ஒருமுறை கொடுத்துப் பார்ப்போம், ஆனால் முன்பு போல எதிர்பார்க்காதீர்கள் என்றார்.

எனக்கு மண்டையில் ஏறவில்லை. “ஆயிரத்துல இருந்து பதினெட்டுக்குக் கொண்டாந்த மருந்துங்க டாக்டர். அதே உடம்பு, அதே வியாதி. எப்படி வேலை செய்யாம போகும்?”

“எல்லா செல்லும் ஒரே மாதிரி இருக்காதுங்க. கோடிக்கணக்குல செத்தது உண்மை. கொஞ்சம் மட்டும் மருந்தை வெளிய தள்ளிட்டோ, பட்ட அடியைச் சரி பண்ணிக்கிட்டோ தப்பிச்சிருக்கும். அது ஸ்கேன்ல தெரியாது, ரத்தத்துலயும் தெரியாது. இப்ப வளந்திருக்கறது அதோட வம்சம். அந்த மருந்து இனிமே அதுங்கள ஒண்ணும் பண்ணாது.”

எங்கள் குடும்பத்தில் எதற்கும் காரணம் தேடினால் முதலில் பாவத்தைத்தான் தேடுவோம். நான் பெருமைக்காகச் சாட்சி சொல்ல வைத்தேனா? அவள் முழு மனதோடு சொல்லவில்லையா? எங்கே குறை இருந்தது? அன்று இரண்டு மணி நேரம் முழங்காலில் இருந்தேன். மறுநாள் மதிய இடைவேளையில் ரூபியே கூப்பிட்டாள்.

“அண்ணா, டாக்டரம்மா சொன்னது உனுக்குப் புரிஞ்சுதா?”

“இல்லம்மா.”

“எனுக்குப் புரிஞ்சிடுச்சு. எங்க லைன்ல பர்ன்-இன்னு ஒண்ணு கீதே, சொல்லிக்கீறனே உன்கிட்ட? ரூமை நல்லா சூடேத்தி, அதுக்குள்ள பீஸுங்கள ஃபுல் லோடு குடுத்து ஓட வுட்ருவாங்க. சோப்ளாங்கி பீஸெல்லாம் மொத ரெண்டு மணி நேரத்துலயே செத்துரும். ஷிஃப்ட் முடிஞ்சும் சாவாம இருந்தா அதான் பாஸ். அதுக்கப்புறம் நீ இன்னா சூடு குடுத்தாலும் அது அசையாது. எத்தினி வருசமா அதுக்கு ஸ்டிக்கர் ஒட்டினுகீறேன் நான்.”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா?”

“எனுக்குக் குடுத்தது ஆறு தபா பர்ன்-இன்னுதாண்ணா. சோப்ளாங்கியெல்லாம் செத்துப்போச்சு. உள்ள மிச்சம் கீறது எல்லாம் பாஸான பீஸு.” சிரித்தாள். சிரிப்பில் மூச்சு இரைத்தது. “நீ முட்டி போட்டது பத்தலன்னு இல்ல. நீ அப்டி நெனைச்சுக்கினு இருப்ப, எனுக்குத் தெரியும்.”

பதினெட்டு என்ற எண்ணைப் பார்த்து நான் குதித்த அன்றைக்கே அந்தத் தப்பித்த செல்கள் அவள் வயிற்றில் இருந்திருக்கின்றன. ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அதால் அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. பத்தாவது படித்த எனக்கு அந்த வியாதி புரிந்தது ஒரு சார்ஜர் கம்பெனியின் சூடான அறையை வைத்துத்தான்.

6

உடனே கிளம்பியிருக்க வேண்டும். முடியவில்லை. இந்த நாட்டில் தங்க எங்களுக்கு ஒரு அட்டை உண்டு. அது இல்லாமல் வெளியே போனால் திரும்ப வருவது சிக்கல். ஸ்டெல்லாவின் அட்டைக்கும் என் அட்டைக்கும் வேறு வேறு தேதி. என் தேதி முடிந்ததை நான் கவனிக்காமல் விட்டு, பிந்தித்தான் விண்ணப்பம் போட்டேன். புதியது வர ஏழு வாரம் ஆயிற்று. யாரையும் குறை சொல்ல இடமில்லை. அந்த ஏழு வாரமும் புது மருந்து அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அளவு ஏறியது, பத்து நாளுக்கு ஒருமுறை நீர் எடுத்தார்கள்.

விடுப்பு கேட்கப் போனபோது என் சூப்பர்வைசரிடம் “மை சிஸ்டர் இஸ் சீரியஸ்” என்றேன். நம் ஊரில் இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். சாகக் கிடக்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். அவர் சிரித்த முகத்தோடு, எதைப் பற்றி சீரியஸ் என்று கேட்டார். பிறகு புரிந்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். இரண்டு வாரம் கொடுத்தார்.

பதினொரு நாள் அவளோடு இருந்தேன். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. நான் கொண்டுபோன சாக்லேட்டைப் பார்த்து, “நாலு சார்ஜர் வாங்கியாந்திருக்கலாம். எங்க கம்பெனி பீஸான்னு பாத்திருப்பேன்” என்றாள். அந்த ஞாயிறு சபைக்குப் போக வேண்டும் என்றாள். சேகர் வேண்டாம் என்றார். கேட்கவில்லை. ஆட்டோவில் கூட்டிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். சாட்சி நேரம் வந்தது. கையைத் தூக்கினாள்.

அன்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், இருந்தாலும் அவள் சொன்னதை எழுதிவைக்கிறேன்.

“அறுப்பின் பண்டிகையில இதே எடத்துல சொகம் ஆயிடுச்சுன்னேன். அன்னிக்கு அது நெஜந்தான், பொய் சொல்லல. இப்ப திரும்பி வந்துடுச்சு. மருந்து வேலை செய்யல. ரெண்டாவது மருந்தும் செய்யல. ரெண்டு மாசம் உங்க முன்னாடி சிரிச்சுக்கினு இருந்தேன், அதான் என் தப்பு. நான் சாவப்போறேன்னு டாக்டரம்மா ஒளிக்காம சொல்லிட்டாங்க. ஆண்டவர் என்கூட கீறாரு. இதான் என் சாட்சி.”

யாரும் பதில் சொல்லவில்லை. மின்விசிறி மட்டும் ஓடியது. ஸ்தோத்திரம் என்று சொன்னால் அவள் சாவுக்கு ஸ்தோத்திரம் சொன்னது போல ஆகிவிடுமோ என்று நீங்கள் தயங்கியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவள் நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கே வாய் வரவில்லை. அவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“யாரும் சொல்லல. சரி, நானே சொல்லிக்கிறேன். ஸ்தோத்திரம்.”

மைக்கை என் கையில் கொடுத்தாள்.

விடுப்பு முடிந்து திரும்பிய ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அடக்கத்தை இங்கே வேலை இடத்துக் கேண்டீனில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். பக்கத்து மேசையில் யாரோ என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஒரு கேள்வியை மட்டும் நான் விடவில்லை. அந்த இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லியிருந்தால்? டாக்டரம்மாவிடம் கேட்டேன். “தண்ணி சேர்ந்த கஷ்டம் கொறைஞ்சிருக்கும். ஆயுசு பெருசா மாறியிருக்காதுங்க. தப்பிச்சது அதுக்கு முன்னாடியே தப்பிச்சிடுச்சு” என்றார். என் ஆறுதலுக்குச் சொல்கிறாரோ என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“டாக்டர் சொன்னது உண்மைதாங்க. உங்களால ஆயுசு குறையல.” கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். “ஆனா அந்த ரெண்டு மாசம் அவ தனியா இருந்தா. படுத்தா மூச்சு முட்டும், சாஞ்சு உக்காந்துக்கிட்டே இருந்திருப்பா. பக்கத்துல படுத்திருக்கற புருஷன்கிட்ட கூடச் சொல்ல முடியல. அது நம்மால.”

நம்மால் என்றாள். உங்களால் என்று சொல்லவில்லை. என் மனைவியின் நல்ல மனது அது.

7

இப்போது போன ஞாயிறு. இங்கே பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஊர்ப் பொது மண்டபத்தில் ஆராதனை வைத்திருக்கிறோம். புதிதாக வந்த ஒரு நர்ஸ் பெண் எழுந்து சாட்சி சொன்னாள். ஊரில் அவள் அம்மாவுக்கு மார்பில் கட்டி, மருந்து முடிந்து ஸ்கேன் சுத்தமாக வந்திருக்கிறதாம். அவள் அழுதுகொண்டே சொல்ல, எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நான் எழுந்து வெளியே போய் காரில் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பெண்மீது வருத்தம் இல்லை. ஒரு வருடமாக அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை, அவ்வளவுதான். வேலையில் அந்தப் பையைக் கையில் வைத்து ஜெபிக்க முடிகிறது. சபையில் முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜெனி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். காதில் இருந்த இயர்ஃபோனைக் கழற்றினாள். அவள் இங்கிலீஷில் கேட்டதை நான் தமிழில் எழுதுகிறேன். “அப்பா, சுகமானவங்க மட்டும்தான் அங்க நின்னு பேசலாமா? அத்தை மாதிரி ஆனவங்க பேசக் கூடாதா?”

“அத்தை பேசினாம்மா” என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். இதுவரை அவளிடம் சொன்னதில்லை. என் இங்கிலீஷும் அவள் தமிழும் சேர்ந்து எப்படியோ சொல்லி முடித்தேன். பர்ன்-இன் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. உயிரியல் பாடத்தில் இதுதான் படிக்கிறோம் என்றாள். கடைசியில் யாரும் பதில் சொல்லாததைச் சொன்னபோது, “நீங்களுமா?” என்றாள். ஆமாம் என்றேன்.  கார்க் கதவைத் திறந்து இறங்கி, நான் இறங்கட்டும் என்று நின்றாள்.

உள்ளே போனோம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் கையைத் தூக்கினேன். முன்னால் போய் நின்றதும், சாட்சி சொன்ன அந்தப் பெண்ணைப் பார்த்து, “தங்கச்சி, நீங்க சொன்னது உண்மை. நான் சொல்லப்போறதும் உண்மை. உங்க அம்மாவுக்கு நாளைக்கு எப்படி ஆனாலும், இதே இடத்துல வந்து சொல்லுங்க, யார்கிட்டயும் மறைக்காதீங்க” என்றேன். அவள் பயந்த கண்ணோடு தலையாட்டினாள்.

பிறகு என் தங்கை பெயரைச் சொன்னேன். அவளுக்கு என்ன வியாதி, எந்த மருந்து கேட்டது, பிறகு எது கேட்கவில்லை என்று சொன்னேன். என் சொல்லுக்காக இரண்டு மாதம் தனியாகச் சுமந்தாள் என்று சொன்னேன். இதே போல் சபை முன்னால் இரண்டாம் முறை பேசினாள், அன்று நான் அவளுக்குப் பதில் கொடுக்கவில்லை என்றும் சொன்னேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. “இதுதான் என் சாட்சி” என்று நிறுத்தினேன்.

 எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பென்னலூரில் ஓடிய மின்விசிறி எனக்குக் காதில் கேட்டது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. தமிழ் வராத குரல், எழுத்துகள் எல்லாம் இடம் மாறி, இந்த ஊர் வாய்க்கு வந்த மாதிரி, ஆனால் தயக்கமே இல்லாமல்.

“ஸ்தோத்திரம்.”

ஜெனி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தொடர்ந்து நானும் சொன்னேன், ரூபிக்குக் கொடுக்க வேண்டிய பதிலை.